பெரிய தோட்டா, சின்னத் தோட்டா

அன்று மட்டாஞ்சேரி வீட்டில் பெண் பார்க்கும்போது இருந்தவர்கள் ஆறே பேர். ஓய்வுபெற்ற சுபேதார் வெங்கிடாசலம், அவர் மனைவி காமாக்ஷி, மகன் அனந்தராமன். எதிரே மிளகு மண்டியில் கணக்கெழுதி ஓய்ந்த சிவசங்கரன், அவர் மனைவி கனகாம்பாள்; உள்ளே அடுப்படியில் மகள் திரிபுரசுந்தரி. நேரில் பார்த்ததாகப் பின்னால் சொல்லித் திரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

வெங்கிடாசலத்துக்கு ஒன்றைத் தவிர எல்லாம் பிடித்திருந்தது. பெண் வெலிங்டன் தீவில் கடற்படை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவர் குடும்பத்தில் எந்த மருமகளும் வேலைக்குப் போனதில்லை.

வேலையை விட வேண்டும் என்று தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாற்றியபின் நிபந்தனை பேசுவது மானமுள்ளவன் செய்கிற காரியமல்ல. தரகர் இதைப் பெண் வீட்டில் ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லியிருந்தார். நாலரைக்கு ராகு காலம்; அதற்குள் தாம்பூலம் மாற்றியாக வேண்டும்.

அவர் தொண்டையைக் கனைத்தார். அப்போது பெண் காபியோடு வந்தாள். அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ கேட்டுவிட்டு உள்ளே போனாள். சர்க்கரை போதுமா என்று கேட்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத அந்தக் குரல் வெங்கிடாசலத்துக்கு மிகவும் பிடித்தது.

"சுபேதார் சார், பட்டாளத்துல தோட்டாவைச் சின்னதாக்கப் போறாளாமே, நல்லதுதானே?" என்றார் சிவசங்கரன்.

வெங்கிடாசலத்தின் முதுகு நிமிர்ந்தது. "யார் சொன்னா நல்லதுன்னு? ஏழு புள்ளி ஆறு ரெண்டு, அதாக்கும் தோட்டா. பட்டா எதிரி எழுந்திருக்க மாட்டான். இந்த அஞ்சரை மில்லிமீட்டர் வெறும் கொசுக்கடி."

"கனம் பாதிதானே. ஒரு ஜவான் ரெட்டிப்பா சுமக்கலாம்."

"கொசுவை ரெட்டிப்பா சுமந்து என்ன பண்றது?"

"ஏன்னா, அந்த விஷயம்..." என்று காமாக்ஷி தொடங்கினாள்.

"இரு. இவர் நாட்டையே கவுத்துடுவார் போலிருக்கு."

சிவசங்கரன் திணறினார். இன்னொரு காபி கேட்டார். பெண் வந்தாள், குனிந்தாள், போனாள். சிவசங்கரன் தெளிந்தார்.

"சின்னதுக்கு உதை கம்மி. புது ஆளும் குறி தப்பாம சுடுவான்."

"மெஷின்கன்னுக்குப் பெரிசு, ரைஃபிளுக்குச் சின்னதா? ஒரு பிளட்டூனுக்கு ரெண்டு சமையலா? கிடங்கு நிறையக் கிடக்கற பழைய தோட்டாவை என்ன, ஊறுகாய் போடறதா?"

அனந்தராமன் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தான். மூன்றாவது காபி வந்தது. சிவசங்கரன் ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"அப்போ அந்த தேசத்துத் துப்பாக்கி, இந்த தேசத்துத் துப்பாக்கின்னு வருஷக்கணக்கா வாங்கிச் சுட்டுப் பாக்கறாளே, அந்தச் செலவு? வீடு வீடாப் பொண்ணு பாத்துச் சொஜ்ஜி தின்னுட்டு, ஒண்ணும் சொல்லாம எழுந்து போறாப்பலன்னா இருக்கு?"

அனந்தராமனுக்கு இது ஐந்தாவது சொஜ்ஜி.

"சுபேதார் வெங்கிடாசலம் அப்படிப்பட்ட ஆளில்லை," என்று எழுந்தார் அவர். "மணி என்ன?"

"நாலு இருபத்தஞ்சு," என்றாள் கனகாம்பாள்.

"எடும் ஓய் தாம்பூலத்தை."

திரும்பும் வழியில் படகுத்துறை அருகேதான் நிபந்தனை நினைவுக்கு வந்தது. காமாக்ஷி அவரைப் பார்க்காமல் காயலைப் பார்த்தாள்.

கல்யாணம் நடந்தது. திரிபுரசுந்தரி வழக்கம்போல் தினமும் படகேறி வேலைக்குப் போனாள். ஒரு மிளகுக் கணக்கரிடம் தோற்றதாக வெங்கிடாசலம் ஒப்புக்கொள்ளவில்லை. "சம்பந்தி சாதாரண ஆளில்லை. மண்டியெல்லாம் வேஷம். உளவுத்துறையாக்கும்," என்றார். சுள்ளிக்கல் வரை அந்தப் பேச்சு பரவியது; சம்பந்தியைக் கண்டால் போலீஸ்காரர்கூட சல்யூட் அடித்தார்.

தலை தீபாவளியன்று விருந்தாளிகள் முன்னிலையில் வெங்கிடாசலம் கேட்டே விட்டார். "ஓய், இனியாவது சொல்லும். எந்தப் பிரிவு?"

"ஒரு பிரிவும் இல்லை. நான் கேப் துப்பாக்கிகூடச் சுட்டதில்லை," என்றார் சிவசங்கரன். மகள் நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் பேசினதெல்லாம் காபியோட வந்தது."