மாமனார் காலத்து வாஷிங் மெஷின்

"மாமனார் காலத்து மெஷின் தம்பி. ரிட்டயர் ஆனதுலேர்ந்து எங்க வீட்டுக்காரர் இதைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தார். இப்ப கடைக்குப் போயிருக்கார், வர்றதுக்குள்ள பார்த்துடுங்க" என்றாள் அந்த அம்மாள், குரலைத் தாழ்த்தி.

அரைகுறைகள் கைவைத்த மெஷின் எப்படி இருக்கும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். பெருமூச்சோடு பின்பக்கத்தைக் கழற்றினார். புது பெல்ட், புது ஒயர், துருவே இல்லாத டிரம். சுவிட்சைப் போட்டதும் அலுங்காமல் சுற்றியது.

"அருமையா ஓடுதேம்மா! ரிப்பேர் பண்ண இதுல என்ன இருக்கு?"

"ரிப்பேருக்கு யாரு கூப்பிட்டா? நேத்து இது ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து மனுஷன் ஸ்பேனரும் கையுமா என் ஃப்ரிட்ஜையே சுத்திச் சுத்தி வர்றார். லேசுல கண்டுபிடிக்க முடியாதபடி எதையாவது கெடுத்துட்டுப் போங்க தம்பி, புண்ணியமா போகும்!"