பதினைந்து சுற்று

"பதினஞ்சு. நிறுத்துங்க," என்றாள் மனைவி.

ஃபிட்டர் கைப்பிடியை நிறுத்தினார். மேசையின் பூட்டை இறுக்கி, ஆறாவது துளையைப் போட்டார். தட்டைக் கழற்றிப் பழைய தட்டின் மேல் வைத்துப் பார்த்தபோது ஐந்து போல்ட்டுகள் சமர்த்தாக இறங்கின. ஆறாவது இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

இந்த வாரத்தில் பாழாய்ப்போன மூன்றாவது தட்டு அது. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடியும் தப்பா?" என்றாள்.

"ஒரு சுத்து குறையுது."

"வயசாயிடுச்சுல்ல, என்ன பண்றது," என்று சேலையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டாள்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். முடிவெட்டும் கடைக்காரரின் சுழல் நாற்காலிக்கு ஓர் அடித்தட்டு. அதில் வட்டமாக, சம இடைவெளியில் ஆறு துளைகள். கடையில் இன்னொரு நாற்காலி இருப்பதால் அவருக்கும் அவசரமில்லை.

தட்டை ரோட்டரி டேபிள் என்கிற சுழல் மேசையில் மாட்டி, கைப்பிடியைப் பதினைந்து சுற்றுச் சுற்றினால் மேசை திரும்பி, அடுத்த துளைக்கான இடம் டிரில்லுக்கு நேர் கீழே வந்து நிற்கும். மேசை விளிம்பில் இருந்த டிகிரிக் கோடுகள் தேய்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதனால் எண்ணிக்கைதான் கதி.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஃபிட்டருக்கு அதுவும் முடியவில்லை. கைப்பிடியின் குறியைப் பார்த்தால் எண்ணிக்கை நழுவியது, எண்ணிக்கையைப் பிடித்தால் குறி நழுவியது. வேறு வழியில்லாமல் மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவள் மனசுக்குள் எண்ணி, நிறுத்தச் சொல்வாள்.

எண்ணுவதற்கு அவளை விட்டால் ஆளா? முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். உள்ளே வைத்த பஞ்செல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணி அவள் 'சரி' என்று சொன்ன பிறகுதான் பெரிய டாக்டரே வயிற்றைத் தைக்க ஊசியை எடுப்பார். அப்பேர்ப்பட்டவளுக்கு இன்று பதினைந்து தாண்ட மாட்டேன் என்கிறது. ஐந்து துளைவரை தம் பிடித்து வந்து, மூன்று தட்டிலும் கடைசித் துளையில்தான் கோட்டை விட்டாள், பாவம்.

ஃபிட்டருக்கு மனசு கனத்தது. இதுதான் கடைசி வேலை. இந்தத் தட்டு முடிந்த அன்றைக்கு எல்லா மிஷினையும் எடுத்துக்கொள்ளலாம் என்று லேத் பட்டறைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

மகன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறான். "அப்பா, அம்மாவால இனிமே அந்தச் சத்தத்தையும் தூசியையும் தாங்க முடியாது. ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க," என்று ஒரு வருஷமாக நச்சரித்தான். அங்கே சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் யாரையாவது கேட்க வேண்டும். அவருக்குத் துளியும் இஷ்டமில்லை.

ஆனால் மெத்தையில் இரும்புத் தூள் குத்துகிறது என்று கல்யாணமான நாளிலிருந்து புலம்புகிறவளுக்கு இனியாவது நிம்மதி கிடைக்கட்டும் என்று தலையாட்டினார். "எனக்கும் அலுத்துப்போச்சு," என்று அவளிடம் ஒரு பொய்யும் சொல்லி வைத்தார். அவள், "உங்க இஷ்டம்," என்றதோடு சரி.

"ஓட்டை போடாத தட்டு இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி," என்றார் ஃபிட்டர்.

"அதை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். நான் டீ போடறேன்."

"அது இருக்கட்டும். இங்க வந்து உட்காரு." அவள் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார். "பயப்படாம சொல்லு. உனக்கு இப்பல்லாம் வேற என்ன மறந்துபோகுது?"

"எனக்கா?"

"நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம். ஆரம்பத்துலயே காட்டினா நல்லதாம். நீ இப்படி இருக்கறப்ப, நான் இங்க உட்கார்ந்து ஓட்டை போட்டுக்கிட்டிருந்தா எனக்கு அடுக்குமா? தட்டை லேத் பட்டறைக்காரரையே செஞ்சு குடுத்துடச் சொல்றேன். மிஷினை இன்னிக்கே எடுத்துட்டுப் போகட்டும்."

சொன்ன கையோடு லேத் பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். மறுமுனையில், "சொல்லுங்கண்ணே, வண்டி கொண்டு வரட்டுமா?" என்று குரல் கேட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

"என்ன பண்ற நீ?"

அவள் எழுந்துபோய், மேசையின் கைப்பிடியைத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கைப்பிடிதான்.

"தட்டு முடிஞ்சாத்தான் மிஷின் போகும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"பையன் கூப்பிட்டப்ப நீங்களாவது ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அலுத்துப்போச்சுன்னுட்டீங்க."

அவர் பாழான மூன்று தட்டுகளையும் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"அப்போ... மறதி?"

அவள் திரும்பாமலே சொன்னாள்:

"முப்பது வருஷம் பஞ்சு எண்ணினவளுக்குப் பதினஞ்சு சுத்து எண்ணத் தெரியாதா?"