ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்

பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த முடிவை அவள் இரண்டாம் முறை படித்தாள்.

வெள்ளைப்புள்ளி நோய். உறுதி. நான்காம் குளம்.

பண்ணைக்காரர்: மதியழகன்.

அவளுடைய அண்ணன்.

மணி பதினொன்று ஐந்து. இன்று ஓதம் பன்னிரண்டரைக்கு. கடல்நீர் வாய்க்காலில் ஏறியதும் இரு கரையிலும் மோட்டார்கள் ஓடத் தொடங்கும். அத்தனை இறால் குளங்களுக்கும் அந்த ஒரே தண்ணீர்.

அதனால்தான் அவளுடைய செய்திமடலுக்குக் காலை, மாலை கிடையாது. ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு சந்தாதாரர்களின் கைப்பேசிக்குப் போய்விடும். இரண்டே பக்கம். எந்தக் குளத்தில் என்ன நோய், யாருடைய குளம், தகவல் தந்தது யார்.

பெயர் போடாத மடலை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. கலியமூர்த்தியின் குளத்தைப் போட்டபோது வாசலில் நின்று ஏசினார். மறுவாரம் சந்தா கட்டினார். இன்று ஆயிரத்து நூற்று நாற்பது பேர்.

சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவாள். பரிசோதனை முடிவு அவளுக்கும் வரும், பெயரோடு வெளியாகும் என்று.

முதல் கையெழுத்து மதியழகனுடையது.

கைப்பேசி அடித்தது.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"ரெண்டு நாள் பொறு பாப்பா. எறா புடிக்க ஆள் சொல்லிட்டேன். இப்பப் போட்டீன்னா யாவாரி பாதி வெலைக்குக் கேப்பான்."

"நேத்து அந்தக் குளத்துத் தண்ணிய வாய்க்கால்ல விட்டியா?"



"விட்டேன். அப்பத் தெரியாதுல்ல."

"எல்லாரும் இன்னைக்கு அதைத்தானண்ணே ஏத்துவாங்க."

"ஊருக்கெல்லாம் ஒழைக்கிற. ஒங்கண்ணனுக்கு ரெண்டு நாள் கெடையாது."

வைத்துவிட்டான்.

அவள் தட்டச்சு செய்தாள்.

நான்காம் குளம், மதியழகன். வெள்ளைப்புள்ளி நோய். நேற்று வாய்க்காலில் நீர் விடப்பட்டுள்ளது. இன்று யாரும் நீர் ஏற்ற வேண்டாம். தகவல்: பரிசோதனைக்கூடம்.

மடலில் உறவுமுறை போடும் வழக்கம் இல்லை.

பதினொன்றரைக்கு அனுப்பினாள்.

பன்னிரண்டரைக்கு ஓதம் ஏறியது. வாய்க்கால் நிரம்புவது சன்னல் வழியே தெரிந்தது. ஒரு மோட்டாரும் ஓடவில்லை.

பத்து நிமிடம் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு. உடனே திறக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து கேட்டாள்.

"அஞ்சாங் குளத்துலயும் எறா கரையோரமா ஒதுங்குது. அதைச் சோதனைக்குக் குடுக்கல. அதையும் போட்டுரு."

இரண்டு முறை கேட்டாள்.

பிறகு திருத்தம் என்று தலைப்பிட்டு ஐந்தாம் குளத்தையும் சேர்த்தாள்.

கடைசி வரியில் பரிசோதனைக்கூடம் என்று இருந்தது. மூன்று வருடமாக அந்த இடத்தில் வேறெதுவும் வந்ததில்லை.

அழித்துவிட்டு எழுதினாள்.

தகவல்: பண்ணைக்காரர்.