அரை விரல் குறை

"காற்று வடிகட்டி மூடி அரை விரல் உயரம் கம்மி. இந்தக் கார் ஓடக் கூடாது."

பரிசோதகர் சொன்னதும் தம்பிக்குச் சுர்ரென்று ஏறியது. அக்கா ஓட்டுகிறவள், அவன் மெக்கானிக். வருஷத்தின் முதல் டிராக் பந்தயம். கம்பெனியிலிருந்து வந்தபடியே, எதையும் மாற்றாமல் ஓட்ட வேண்டிய கார்களுக்கான பிரிவு. எந்த மாடலுக்கு எந்தப் பாகம் என்று முந்நூறு பக்கக் கையேடு வேறு.

"சார், பக்கத்துக்கு அடியில பாருங்க! அடுத்த வருஷ மாடல் மூடியும் போடலாம்னு பொடி எழுத்துல இருக்கு!"

"பொடி எழுத்தெல்லாம் நான் படிக்கிறதில்லை."

யார் சொல்வது! பொடி எழுத்து பூராவும் மனப்பாடம் என்பதால்தான் அந்த மனுஷனுக்கு 'அடிக்குறிப்பு' என்றே பட்டப்பெயர்.

தம்பி கரடியாகக் கத்தினான். அவர் பிடித்த முயலுக்கு மூணே கால். 'காரணம்: காற்று வடிகட்டி மூடி. தடை இன்று மட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்துவிட்டார்.

"கால் மணி நேரம் வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தாரே, மூடி என்ன அங்கேயா இருக்கு?" அக்கா பொருமினாள். "நான் புகார் எழுதறேன். நீ வண்டியை ஏத்து."

டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவதற்காகத் தம்பி முன்சக்கரத்துக்கு உள்ளே கைவிட்டான்.

ஸ்டியரிங் கம்பியில் ஒரு சாக்பீஸ் வட்டம். அதற்குள் மயிரிழை விரிசல். பக்கத்தில், 'பக்கம் 212'.

கையேட்டைப் புரட்டினான். 'ஸ்டியரிங்கில் விரிசலோடு வரும் காரின் ஓட்டுநருக்கும், அதைச் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்ட மெக்கானிக்குக்கும் ஓராண்டுத் தடை.'

காலையில் "ஸ்டியரிங் பார்த்தியாடா?" என்று அக்கா கேட்டாள். "பார்த்தாச்சு" என்று நிமிராமலே கையெழுத்துப் போட்டான். அப்போது மூடியை மூன்றாவது தடவையாக அளந்துகொண்டிருந்தான். பாதி ஓட்டத்தில் அந்தக் கம்பி முறிந்திருந்தால்?

அக்கா தாளை நீட்டினாள். "சட்டம் படிக்கத் தெரியாத ஆளுன்னு நல்லா உறைக்கிற மாதிரி எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு."

"கிழிச்சிடுக்கா" என்றான் தம்பி, தலை குனிந்தபடி. "ஸ்டியரிங்ல விரிசல். நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். அவர் பார்த்துட்டு, நமக்காகச் சட்டத்தைத் தப்பாப் படிச்சிருக்கார்."