காலர் பொத்தான்

மேலாளர் அன்றைக்கு எப்படிப்பட்ட தலைவராக இருக்க வேண்டும் என்பதைச் சந்தை நிலவரம் பார்த்து தலைமை அலுவலகம் அவருக்குக் கொடுத்திருந்த காலர் பொத்தான் முடிவு செய்யும். விற்பனை ஏறினால் அரவணைப்பு, இறங்கினால் கண்டிப்பு, அரசாங்கம் வரியை மாற்றினால் தொலைநோக்கு. கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சென்னியப்பன் இப்படித்தான் வருஷக்கணக்காகத் தலைமை தாங்கி வந்தார். ஊழியர்களும் மழை வருமா என்று கேட்பதுபோல, "சார் இன்னைக்கு என்ன பாணிங்க?" என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அன்று சந்தை சரிந்திருந்ததால் கண்டிப்பு. ஆனால் கணக்குப் பிரிவு ரெஜினாவால் அரவணைப்பு நாள்வரை காத்திருக்க முடியாது. மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது.

"லீவு வேணுங்க சார்."

'மறுக்கவும்' என்று பொத்தான் கிசுகிசுத்தது. சென்னியப்பன் அவள் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டு வந்திருப்பதைப் பார்த்தார். பொத்தானைப் பிய்த்துத் தயிர்சாத டப்பாவில் போட்டு மூடினார். அது இல்லாமல் ஆபீஸில் எப்படிப் பேசுவதென்று மறந்தே போயிருந்தது. வீட்டில் மனைவி பூங்கோதை பேசுவதுதான் வாயில் வந்தது.

"மொதல்ல சாப்ட்டீங்களா? இந்தாங்க, என் கார்ல போங்க. போய்ச் சேந்ததும் போன் பண்ணோணும், ஆமா."

ரெஜினா கதவருகே தயங்கினாள். "இது எந்தப் பாணிங்க சார்? பயிற்சியில சொல்லவே இல்லீங்களே."

"கெளம்பும்மா."

ரெஜினாவுக்குப் பேத்தி பிறந்தாள். தயிருக்குள் கிடந்தும் பொத்தான் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. புதிய பாணியை எல்லாக் கிளைகளிலும் அமல்படுத்தப் போவதாகவும், அதற்கு ஒரு பெயர் தேவை என்றும் தலைமை அலுவலகம் எழுதியது.

சென்னியப்பன் மனைவியின் பெயரை எழுதி அனுப்பினார். அனுப்பும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். அதுவும் அந்தப் பாணியில் சேர்த்திதான்.