பத்து மீட்டர் ஆழத்தில்

"மீனு, பவளப்பாறை எல்லாம் வேணாம் பாய். தண்ணிக்கடியில என் பொண்ணு கை தெளிவா விழணும். அதுக்குத் தோதா ஒரு கேமரா குடுங்க."

ஓசூர் பாகலூர் சாலையில் கேமராக் கடை வைத்திருக்கும் ஜீஷான் இப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததே இல்லை. கேட்டவர் பாக்கியராஜ். வயது ஐம்பத்தாறு, உடம்பில் இன்னும் கம்பெனி யூனிஃபார்ம். பக்கத்தில் அவர் மகள் லிபியா கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி நின்றாள்.

"எங்கண்ணா இறங்கப் போறீங்க? கெலவரப்பள்ளி டேம்லயா?"

"அட, அந்தமான் பாய்! நடுக்கடல்ல, இவகூட. கிணத்துல மட்டும் நீந்துனவன் நான். மூணு நாள்தான் லீவு, ஒரே ஒரு தடவைதான் இறங்குவேன். அந்தப் படம் வீணாப் போச்சுன்னா என் மனசே ஆறாது."

ஜீஷான் கடலை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான், அதுவும் கரையில் நின்று. ஆனாலும் வீடியோ பார்த்துப் பார்த்து ஆழமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பெரிய கேமராவை எடுக்கப்போன கையை இழுத்துக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை எடுத்து வைத்தான்.

"புதுசா இறங்கறவங்களுக்குப் பெருசு ஆகாதுண்ணா. மூச்சு விடறதுலயே பாதி கவனம் போயிடும். இது போதும், ஒரே பட்டன். மேல இந்த பிளாஸ்டிக் கூடு. முதல்ல கேமரா இல்லாம, கூட்டுக்குள்ள டிஷ்யூ பேப்பரை வெச்சு பக்கெட்ல முக்கிப் பாருங்க. பேப்பர் நனையலேன்னா சரி."

"லீக் டெஸ்ட்டு! எங்க கம்பெனிலயும் அதேதான்."

"இன்னொண்ணு. அஞ்சு மீட்டர் கீழ போனா சிவப்பே இருக்காது. நம்ம ஓசூர் ரோஜாவைக் கொண்டுபோனாலும் சாம்பக் கலர்லதான் தெரியும். இந்த லைட்டை அடிச்சாத்தான் நெஜக் கலர் திரும்ப வரும்."

பாக்கியராஜ் வாயைப் பிளந்தார். ரோஜாவின் சிவப்பையே விழுங்குகிற கடலா! ஆச்சரியம் தாங்காமல் மகள் பக்கம் திரும்பி, பூ, கடல், மறைவது என்று விரல்களாலேயே மளமளவென்று சொன்னார். அவள் சிரித்தாள், அவளும் விரல்களால் ஏதோ பதில் சொன்னாள்.

"பிரஸ் ஷாப்ல வேலையாண்ணா?" என்றான் ஜீஷான்.

"இருபத்தெட்டு வருஷம்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தகடு அடிக்கற மெஷின் சத்தத்துல கையாலதான பேச முடியும்! எங்க மாமா ரிட்டயர் ஆகி நாலு வருஷமாச்சு, இன்னிக்கும் சோத்துக்கு உப்பு கையாலதான் கேக்கறாரு. நீங்க பொண்ணையும் பழக்கிட்டீங்க போல!"

பாக்கியராஜ் சிரித்துவிட்டு விளக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுல விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுமா பாய்?"

"தெரியும். ஆனா கை நீட்டுற தூரத்துல நின்னு எடுங்க. தள்ளிப் போனா எல்லாம் நீலமாயிடும். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆமை, மீனு, அத்தனை அதிசயத்தையும் விட்டுட்டு, எதுக்குண்ணா கை?"

பாக்கியராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பொறந்ததுல இருந்து இவளுக்குக் காது கேக்காது பாய், பேச்சும் வராது. இங்க இவ கையைத் தூக்குனா, புரியலேன்னு எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. அங்க இவதான் டைவிங் சொல்லிக் குடுக்கற மாஸ்டர். பத்து மீட்டர் ஆழத்துல, இறங்குன அத்தனை பேரும் இவ கை என்ன சொல்லுதுன்னு கண்ணைக்கூட இமைக்காம பாத்துக்கிட்டு நிப்பாங்களாம்!"