நீலம் வரலியே!

"நீலம் வரவே இல்லியே அம்மணி! மறுபடியும் பாடு."

ஆரோன் லேப்டாப்பைத் தட்டினார். பாடினாலும் பேசினாலும், குரலில் இருக்கிற உணர்ச்சியைத் திரையில் கோடாக ஓடவிடும் ஆப் அது. கோபம் சிவப்பு, சந்தோஷம் மஞ்சள், ஏக்கம் நீலம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மகள் ஜோஸ்லின் தனியாகப் பாடப்போவது, ஆண்டவர் வருகைக்காகக் காத்திருக்கிற பாட்டு. ஏக்கம் வேணும். வந்ததென்னவோ வெளிறின மஞ்சள்தான்.

"இந்த மெசினுக்கு என்னங்கப்பா தெரியும்?"

"உன்னையும் என்னையும்விட நல்லாத் தெரியும். பாடு."

நல்ல மனுஷன்தான். வீம்பு மட்டும் ஊருக்கே பங்கு வைக்கலாம், அத்தனை. மனைவி ஃபெமினா கோவிச்சுக்கிட்டுத் துடியலூர் அம்மா வீட்டுக்குப் போய் மூணு மாசம். எதுக்குச் சண்டை என்பது ரெண்டு பேருக்குமே மறந்திருக்கும். யார் முதலில் இறங்கி வருவது என்பதில்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. பேச்செல்லாம் மகள் வழியாகத்தான். நடுவில் தவிக்கிறது அந்தப் பெண்.

போன் அடித்தது. அம்மா! ஜோஸ்லின் ஆசையாக ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணு, ஞாயித்துக்கெழமை நான் சர்ச்சுக்கு வரட்டுமான்னு அப்பாவக் கேளு."

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்!" ஆரோன் கத்தினார். "அவ இல்லாம இங்க ஒண்ணும் குடி முழுகிப்போயிரல!"

அடப்பாவி மனுஷா! இதுவா பேசுகிற பேச்சு?

ஜோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடப்போனாள். ஆப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கத்தின இடத்தில் சிவப்பு பொட்டுக்கூட இல்லை. அத்தனையும் நீலம்.

"அப்பா, இதப் பாருங்க."

பார்த்தார். அசடு வழிந்தது.

"மெசின் ரிப்பேரு அம்மணி. நாளைக்குக் காந்திபுரத்துல குடுத்துப் பாக்கலாம்."

அதற்குள் போனில் ஃபெமினா வெடித்தாள்.

"எனக்கு மட்டும் அவரப் பாக்கோணும்னு ஆசையாக்கும்! உன்ற பாட்டுக்காகத்தான் கேட்டேன். வெக்கறேன் கண்ணு."

"வெச்சுராதீங்கம்மா!"

கோடு மறுபடி ஓடியிருந்தது. நீலம். அப்பாவுடையதைவிட அடர்த்தியான நீலம்.

ஜோஸ்லின் மெதுவாகக் கேட்டாள்.

"இதுவும் ரிப்பேருங்களாப்பா?"

ஆரோன் திரையையே பார்த்தார். சட்டென்று மகள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"ஃபெமினா... ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்கு? இரு, இப்பவே வண்டி எடுத்துட்டு வாரேன்."